இறகுத் தூண்டில்காரர்

அவர் மேல் போய் இடித்தது நாமாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்பவர் அவராகத்தான் இருப்பார். "பர்தோன்" என்பார். மன்னிச்சுக்குங்க என்பதற்குப் பிரெஞ்சுக்காரன் சொல்கிற வார்த்தை. கோட்டுச்சேரி கடைத்தெருவில் சைக்கிள்காரன் வந்து முழங்காலில் மோதினாலும் பர்தோன். டீக்கடைக்காரர் அவருக்கு வர வேண்டிய டீயை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாலும் பர்தோன். படுத்திருக்கும் நாயைச் சுற்றிக்கொண்டு போகும்போது நாய்க்கும் ஒன்று உண்டு.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். சொல்தா என்றால் ஒரு தோரணை இருக்கும். முறுக்கு மீசை, விழா நாளில் சட்டையில் மெடல், சாயங்காலமானால் கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் சத்தம். இவரிடம் அதெல்லாம் மருந்துக்கும் கிடையாது. நல்ல உயரமான மனுஷன், கூனிக் கூனி நடந்தே உயரத்தைப் பாதியாக்கிவிட்டார். நான் தையல்காரன், உடம்பு அளவு எனக்குப் பொய் சொல்லாது. அவருக்குச் சட்டை தைத்தபோது நிமிர்ந்து நில்லுங்க என்று எத்தனையோ தடவை சொல்லியும் தோளைக் குறுக்கிக்கொண்டேதான் நின்றார். கடைசியில் கூன் போட்ட உடம்புக்கே வெட்டித் தைத்தேன்.

அது எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்கு அடுத்த வீடுதான் அவர் வீடு. அவர் வீடு என்று சொல்கிறேனே தவிர, அது அவர் சம்சாரத்தின் வீடு. கட்டியது அவள், கூரை மாற்றியது அவள், மகளை வளர்த்து நெடுங்காட்டில் கட்டிக்கொடுத்தது அவள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவன். அக்கா புருஷனை முறையாக அத்தான் என்றுதானே கூப்பிட வேண்டும்? எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆளைக் காணோம், ஒரு நாள் கையில் பெட்டியும் தோளில் ஒரு தகரக் குழாயுமாக வந்து வாசலில் நின்றால் உடனே அத்தானாகிவிட முடியுமா? ஐயா என்று கூப்பிட்டேன். அதற்கும் அவர் சங்கடப்பட்டார்.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது ஒரு தூண்டில் முள்ளால். கீழவெளிக் குளத்தங்கரையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். திரும்பினால் யாரும் இல்லை. நான்கு ஆள் தூரத்தில் இவர், கையில் ஒரு நீளக் கழி. அதன் நூல் முனை என் காலரில். "பர்தோன், பர்தோன்" என்று ஓடி வந்தார். முள்ளை எடுத்துவிட்டுக் காலரைத் தடவிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். கீறல்கூட இல்லை. ஆனாலும் மறுநாள் ஒரு சட்டைத் துணியைக் கொண்டு வந்து கடையில் வைத்துவிட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். வாங்கிக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது என்றார். வாங்கிக்கொண்டேன், அவர் தூக்கத்தை நான் கெடுப்பானேன்.

எனக்கும் தூண்டில் கிறுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தினால் குளத்தங்கரைதான். ஆனால் என் தூண்டில் ஊர்த் தூண்டில். மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, மண்புழு. போட்டுவிட்டுப் பீடி பற்ற வைக்க வேண்டியதுதான். அவருடையது ரகமே வேறு. தகரக் குழாய்க்குள் துண்டு துண்டாகக் கழி இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். புழு கிடையாது. சேவலின் கழுத்து இறகைச் சின்ன முள்ளில் நூலால் சுற்றிச் சுற்றிப் பூச்சி செய்து வைத்திருப்பார். நூலும் என் கடையில் வாங்கியதுதான். அந்த இறகுப் பூச்சியைப் போட, தலைக்கு மேல் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு என்று நூலைச் சுழற்றுவார். சுழற்றிச் சுழற்றி, நினைத்த இடத்தில் இறகு வந்து உட்காரும், சத்தமே இருக்காது. ஊரில் சொல்தா குளத்தைச் சாட்டையால் அடிக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பு அதோடு நிற்கவில்லை. முதல் கெண்டை மாட்டியபோது கரையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நல்ல சதைப்பிடிப்பான மீன். கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்தார். முள்ளைக் கழற்றினார். அதனிடமும் பர்தோன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டார்.  ஆடு மேய்க்க வந்த கிழவர் ஒருவர் வாய்விட்டே கேட்டார், மீன் வேண்டாம் என்றால் எங்களிடம் கொடுத்திருக்கலாமே, அந்த மீனுக்கு இவர் மச்சானா என்று.

குளத்தைக் குத்தகை எடுத்திருந்தவருக்கு விஷயம் போய், அவர் சண்டைக்கே வந்தார். வந்தவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். மாட்டுவது எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போயிற்று. இவர் வேறு வரிசையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். சண்டை போட ஒன்றும் அகப்படாமல் அவர், பாவம், என்னவோ பண்ணிட்டுப் போகட்டும் என்று கிளம்பிவிட்டார்.

முள்ளில் எதிர்ப்பக்கமாகச் சின்னதாக ஒரு கொக்கி இருக்குமே, மாட்டின மீன் நழுவாமல் இருக்க, அதை அரத்தால் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் இறகையே கட்டுவார். அப்படிச் செய்தால் பாதி மீன் நழுவிப் போகுமே என்றேன். போகட்டும், கழற்றும்போது வலிக்கும்ல என்றார். வலிக்கும் என்று தெரிந்தால் பிடிப்பானேன் என்று கேட்கலாம் என்றிருந்தது. கேட்டால் அதற்கும் ஒரு பர்தோன் வரும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் அவர் நிலைமையைச் சொல்ல வேண்டும். அக்கா அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், குளிக்க வெந்நீர் வைத்தாள், வேட்டி துவைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொல்வாள். வாசலில் கட்டியிருக்கும் கருப்பு ஆட்டைப் பார்த்து, "சோறு போட்டிருக்கு, ஆறிடப் போவுது" என்பாள். இவர் எழுந்து போய் உட்கார்ந்து சாப்பிடுவார். உப்பு இல்லை என்றால்கூட வாய் திறக்க மாட்டார். தட்டைத் தானே கழுவி வைப்பார். அவள் தண்ணீர்க் குடம் தூக்கி வந்தால் ஓடிப் போய் வாங்கக் கை நீட்டுவார், அவள் இடுப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற இதைப் பார்த்துப் பார்த்து என் பெண்டாட்டிக்கே பொறுக்கவில்லை. அக்கா, அடிச்சாவது தொலைங்களேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அக்கா சிரித்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். அங்கே வேறு குடும்பம் இருந்ததா? ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. அவர் இல்லை என்றார். சொல்லிவிட்டு நூலைச் சுற்றி எடுத்தார். வேறு குடும்பம் இருந்திருந்தால்கூட ஒரு காரணமாக இருந்திருக்கும், சொல்லிக்கொள்ள அதுவும் கிடையாது என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதல் லீவு கிடைத்தபோது கப்பலில் இடம் கிடைக்கவில்லை. பட்டாளம் இருந்த ஊரில் ஒரு ஆறு. கூட இருந்த வெள்ளைக்காரன் ஒருவன் இந்தக் கழியைக் கையில் கொடுத்து ஆற்றில் இறக்கிவிட்டான். அந்த லீவு அப்படிப் போயிற்று. அடுத்த லீவில் வந்திருக்கலாம். போன தடவை ஏன் வரவில்லை என்று கேட்டால் மீன் பிடித்தேன் என்றா சொல்வது? அந்த வெட்கத்திலேயே அதற்கும் ஆற்றுக்குப் போனார். அதற்கடுத்த லீவில் வெட்கம் இரண்டு பங்காகிவிட்டது. மகள் கல்யாணச் செய்தி வந்தபோதும் ஆற்றங்கரையில்தான் இருந்தாராம்.

"போகாத வெக்கத்துலயே போகாம இருந்துட்டேன், தம்பி" என்றார்.

பிடித்த மீனை ஏன் விட்டுவிடுகிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே பட்டாளத்து அறையில் அடுப்பு ஏது, ஆக்கித் தர ஆள் ஏது, விட்டு விட்டே பழகிவிட்டது. இங்கேதான் அடுப்பு இருக்கிறதே என்றேன். அவர் தலையை ஆட்டினார். கொண்டுபோனால் அவள் கழுவ வேண்டும், அரிய வேண்டும், ஆக்க வேண்டும். அவளை இத்தனை பாடு படுத்தியது போதாதா, இன்னும் மீன் வேறு வேண்டுமா என்றார்.

"அவ ஒரே ஒரு வார்த்தை என் மூஞ்சியைப் பாத்துப் பேசிட்டா போதும். திட்டினாலும் சரி. ஆட்டைப் பாத்துப் பேசாம, என்னைப் பாத்து."

அவ்வளவுதான் அவர் ஆசை. அதைச் சொன்னதற்கும் என்னிடம் ஒரு பர்தோன்.

மறு வருஷம் ஐப்பசி அடைமழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் கட்டிலோடு கிடந்தாள். காய்ச்சல் விட்ட பிறகும் சோறு இறங்கவில்லை. கஞ்சி குடித்தால் வாந்தி, ரசம் சாதம் பிசைந்தால் ஒரு வாய்க்கு மேல் வேண்டாம் என்பாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். இவர் கட்டிலுக்குப் பக்கத்திலும் போக முடியாமல், தள்ளிப் போகவும் முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சாயங்காலம் அக்கா என் பெண்டாட்டியிடம், நாக்கு செத்துக் கிடக்கு, விரால் குழம்பு இருந்தா ரெண்டு வாய் சோறு இறங்கும் என்றாள். சொன்னது என் பெண்டாட்டியிடம்தான். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து தகரக் குழாயை எடுத்தார்.

மற்ற நாளாக இருந்தால் மண்டபத்தூர் மீன்காரம்மா கூடையோடு வாசலுக்கே வந்துவிடும். கடல் கொந்தளித்துக் கிடந்ததால் அவள் வந்து பத்து நாளாகியிருந்தது. வந்தாலும் கடல் மீன்தான் வரும், விராலுக்குக் குளத்துக்குத்தான் போக வேண்டும். இவர் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போய், ஒரே ஒரு மீனை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று அனுமதி கேட்டார். அவர் பத்தாக எடுத்துப் போங்க என்று அனுப்பினாராம். மழையில் நனைந்துகொண்டு இரண்டு நாள் வீசினார். புது மழைத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது, இரை எங்கும் மிதந்தது. விரால் இறகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். எனக்கு ஒரு இடம் தெரியும். குளத்தின் வடமூலையில், கோரை ஓரத்தில், தண்ணீர் ஒரு முறம் அகலத்துக்குச் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு இறங்கும், மறுபடி வரும். அதற்குக் கீழே பெரிய விரால் காவலுக்கு நிற்கும். அந்தச் சமயத்தில் அது இரைக்காகப் பாயாது, கோபத்தில் பாயும். குஞ்சுக்குப் பக்கத்தில் தவளை போனாலும் சரி, இலை விழுந்தாலும் சரி, வாயைத் திறந்துகொண்டு வரும். அதைவிடச் சுலபமாக ஒரு விராலை யாராலும் பிடிக்க முடியாது. ஊரில் எல்லோரும் பிடிப்பதுதான். நானும் பிடித்திருக்கிறேன்.

அவர் பார்த்தார். "வேணாம் தம்பி" என்றார். குஞ்சோடு நிற்கிறதே என்றார். காவல் போய்விட்டால் கொக்கும் மீன்கொத்தியும் ஒரே நாளில் காலி பண்ணிவிடுமே என்றார். அவர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் வீட்டில் அக்கா கிடக்கிற கிடப்பு என் கண்ணுக்குள் நின்றது, எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"குஞ்சைப் பாத்தா அக்காவை யாரு பாக்கிறது? அவங்க ஒரு வாய் சோறு தின்னு எத்தினி நாளாச்சு, உங்களுக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் வாங்கியிருக்கக் கூடாது. கழியை உயர்த்தினார். பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு, இறகு சரியாகக் குஞ்சுக் கூட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். தண்ணீர் பிளந்தது. கொக்கியை மழுக்கிய முள்தான், நூலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் அது கழற்றிக்கொண்டு போயிருக்கும். அவர் தளர்த்தவில்லை. கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். என் முழங்கை நீளம், முதுகு கறுத்து வயிறு வெளுத்து அப்படியொரு மீன். அதனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாகடிக்கவும் கை வரவில்லை, அதை நான்தான் செய்தேன்.

என் பெண்டாட்டி சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளி கரைத்து, மாங்காய் வற்றல் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தாள். தெருவுக்கே மணந்தது. அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். முதலில் இரண்டு வாய், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு தட்டை வழித்தாள். அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. நானும் இரண்டு தடவை குழம்பு போட்டுக்கொண்டேன், பொய் சொல்வானேன். அவர் மட்டும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

மறுநாள் விடியற்காலையிலேயே ஆளைக் காணோம். கழி வீட்டிலேயே இருந்தது. குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். வடமூலையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு நொச்சிக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். மீன்கொத்தி வந்தால் எழுந்து விரட்டினார். கொக்கு இறங்கினால் மண்ணாங்கட்டி எடுத்து எறிந்தார். தண்ணீர்ப் பாம்பு தலை தூக்கினால் குச்சியால் தண்ணீரை அடித்தார். இதென்னங்க ஐயா கூத்து என்று கேட்டேன். குஞ்சுகள் தானாகப் பிழைக்கிற வரைக்கும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா என்றார். அதற்கு எத்தனை நாளாகும் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, இருமல் பிடித்துக்கொண்டது.

கடைத்தெருவில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. பட்டாளத்தில் காவல் காத்தவர் இப்போது குளத்தில் காவல் காக்கிறார் என்றார்கள். நான் மிஷினை மிதித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இடத்தைக் காட்டியது நான். அக்காவைச் சொல்லிச் சொல்லியே அவரை வீச வைத்தது நான். சும்மா இருங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். ஆட்டைப் பார்த்துச் சோறு போட்டிருக்கு என்று சொல்லிப் பார்த்தாளாம், யாரும் வரவில்லையாம். பகலெல்லாம் எங்கே போகிறார் என்று கேட்டாள். நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். குஞ்சோடு நின்ற விராலைப் பிடித்தது, நான் சொல்லிப் பிடித்தது, அவர் வேண்டாம் என்றது, இப்போது அங்கே உட்கார்ந்திருப்பது. அதே வேகத்தில், அவர் என்னிடம் சொன்ன லீவுக் கதையையும் ஆற்றுக் கதையையும் சொல்லிவிட்டேன். அதை அவர் தானாகச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொன்னது அதிகப்பிரசங்கித்தனம்தான்.  அக்கா எழுந்து தூக்குச் சட்டியில் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். நடக்க முடியுமா என்றேன். குடையை எடுத்துக்கிட்டு வா என்றாள்.

வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நாங்கள் கரை ஏறியபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஒரு கொக்கு புளியமரத்தில் உட்கார்ந்திருந்தது, அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. தாடி முளைத்திருந்தது. எங்கள் காலடி கேட்டுத் திரும்பியவர், அக்காவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவரைத் தாண்டிப் போய்த் தண்ணீர் ஓரமாக நின்றாள். அவளுக்கு அந்தக் குளம் புதிதில்லை. ஆட்டுக்குப் புல்லறுத்து, துணி துவைத்து, மகளைக் குளிப்பாட்டி அவள் ஆயுசில் பாதி அந்தக் கரையில்தான் போயிருக்கிறது. கோரை ஓரத்தில் குஞ்சுக் கூட்டம் சிவப்பாக மேலே வந்தது. முன்பு பார்த்ததற்கு ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஒரு தவளை கோரையிலிருந்து குதித்துக் கூட்டத்துக்குப் பக்கமாக நீந்தியது. கீழேயிருந்து தண்ணீர் பளாரென்று புரண்டது. கறுப்பாக ஒரு முதுகு தெரிந்து மறைந்தது. தவளையைக் காணோம்.

 விரால் ஜோடியாகக் காவல் நிற்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிடித்தவன் பிடித்ததைத்தானே பார்ப்பான். இத்தனை நாளாக மேலே பறவையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவரும் அதைக் கவனிக்கவில்லை.

அக்கா திரும்பினாள். அங்கே ஆடு இல்லை. என்னையும் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நின்னு காக்கும். நான் காக்கலையா?"

குரலை உயர்த்தவில்லை. சண்டைக்குச் சொன்ன மாதிரியும் இல்லை, சமாதானத்துக்குச் சொன்ன மாதிரியும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அவர் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பர்தோன் வரவில்லை.

அவள் தூக்கைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. என் கையிலிருந்து குடையை வாங்கி அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிடுங்க என்றாள், அதுவும் அவரைப் பார்த்துத்தான். அவர் கை சோற்றுக்குள் போயிற்று. அவர் சாப்பிடுகிற வரைக்கும் அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.